வடகாத்தூர்த் தண்ணீர்

"உங்க துணியில ஓட்டை பெரிசு, மாதாஜி."

ஜினமதி அதைக் குறையாகத்தான் சொன்னாள். அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. குடிநீர் நிலையம் ஒன்றில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள்.

மாதாஜிக்கு முப்பத்தாறு. சமணத் துறவி. வெள்ளைச் சேலை, மயிற்பீலி, கமண்டலம், சொத்து அவ்வளவுதான். மழைக்காலம் நான்கு மாதமும் ஒரே இடத்தில் தங்கவேண்டும் என்பதால் வந்தவாசிப் பக்கம் ஒரு ஜினாலயத்தை ஒட்டிய அறையில் இருந்தார்.

ஜினமதி அவரிடம் மூன்று முறை தீட்சை கேட்டிருந்தாள். மூன்று முறையும் ஒரே பதில்.

"முதல்ல தண்ணி வடிகட்டக் கத்துக்குங்க."

முப்பது வருடம் ஊர் ஊராகத் தண்ணீர் வடிகட்டி அனுப்பியவளிடம் இப்படிச் சொன்னால் எரிச்சல் வருமா, வராதா? வந்தது.

சமணர் வீட்டில் அது இரண்டு வேலை. கிணற்று நீரை இரட்டையாக மடித்த பருத்தித் துணியில் வடிப்பது முதல் வேலை. துணியில் தங்கிய சிற்றுயிர்களை, வடித்த நீரையே மறுபக்கம் ஊற்றி அலசி, எடுத்த கிணற்றிலேயே நோகாமல் இறக்கிவிடுவது இரண்டாவது. முதல் வேலையை எல்லோரும் செய்துவிடுவார்கள்.

அன்று காலை அவள் வெள்ளையாக ஒரு தாளைக் கொண்டுவந்தாள். தாள் இல்லை, சவ்வு. பழைய வேலையிடத்தில் மிஞ்சியது.

"மெம்பரேன், மாதாஜி. ஒரு தலைமுடியக் குறுக்கால நானூறு கூறு போட்டா ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் இதுல ஓட்டை. ஒரு உயிர்கூடத் தப்பாது."

"வடிங்க."

வடித்தாள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. துணியில் ஒரு நிமிடத்தில் இறங்கும் ஒரு செம்புத் தண்ணீர், இதில் இறங்க இரண்டு மணி நேரம் ஆனது.

துறவிக்கு ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சோறும் தண்ணீரும். அந்த வேளை தாண்டிப் போயிற்று.

"இன்னைக்கு எனக்கு உபவாசம்," என்றார் மாதாஜி. குரலில் கோபமே இல்லை. "தங்கினதைக் கிணத்துல விடுங்க."

ஜினமதி சவ்வைத் திருப்பி, வடித்த நீரை ஊற்றினாள். பச்சைப் படலம் அசையவில்லை. மறுபடி ஊற்றினாள். அப்போதும் அசையவில்லை.

"ஓட்டையில மாட்டிக்கிச்சா?"

"மாட்டினது கொஞ்சம்தான். மீதி ஒட்டிக்கிட்டது. ஓட்டையைவிடச் சின்னதுகூட உள்சுவத்துல ஒட்டிக்கும் மாதாஜி. சவ்வுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு இழுப்பு உண்டு, ஒரு தள்ளும் உண்டு. தண்ணியில உப்பு இருந்தா இழுப்பு ஜெயிச்சுடும். இது உப்புக் கிணறு."

"தெரிஞ்சுமா இதைக் கொண்டாந்தீங்க?"

"ஓட்டை சின்னதா இருந்தாப் போதும்னு இன்னும் நம்பணும்போல இருக்கு."

மாதாஜி சவ்வைக் குனிந்து பார்த்தார். ஓரத்தில் ஈரம் குறைய ஆரம்பித்திருந்தது.

"உப்பில்லாத தண்ணி ஊத்தினா?"

"விட்டுடும். ஆனா அது வேத்துத் தண்ணியாச்சே, இந்தக் கிணத்து உயிருக்கு ஆகாது, ஊத்தக் கூடாது. ஊத்தினா மழைத் தண்ணியே போதும், ஒரே நாள்ல மொத்தமும் கழண்டுடும்."

"நிச்சயமாவா?"

"பாத்திருக்கேனே."

"எங்க?"

ஜினமதியின் வாயிலிருந்து வார்த்தை ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது. இனி அதை விழுங்க முடியாது.

"வடகாத்தூர்ல."

மாதாஜி சவ்விலிருந்து நிமிர்ந்தார்.

"அங்க இதே சவ்வுதான். காமாலைக் கிருமி இந்த ஓட்டையைவிட ஏழு மடங்கு சின்னது. எனக்குத் தெரியும். ஆனா ரெண்டு வருஷமா எந்த டெஸ்ட்லயும் அது வெளிய வரல. வரலைங்கறது போதும்னு இருந்துட்டேன். குளோரின் தீர்ந்துபோச்சுன்னு பம்ப் ஆபரேட்டர் போன் பண்ணார். அதான் மெம்பரேன் இருக்குல்ல, ஓட்டுங்கன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"மழை பெஞ்சுது. ஏரித் தண்ணியில உப்பு குறைஞ்சுது. ரெண்டு வருஷமா ஒட்டியிருந்தது பூராவும் ஒரே நாள்ல விட்டுடுச்சு."

"எத்தனை பேரு?"

"செத்தது அஞ்சு பேர். மூணு பேர் புள்ளத்தாச்சிங்க."

ஜினாலயத்து மணி ஒருமுறை ஒலித்து நின்றது. யாரோ சாமி கும்பிட வந்திருந்தார்கள்.

"விசாரணை வந்திருக்குமே, அதுல என்ன எழுதினீங்க?"

"சவ்வு கிழியல, ஓட்டை அளவு சரியா இருக்குன்னு எழுதினேன். பொய் இல்ல, மாதாஜி. அளந்து பாத்துதான் எழுதினேன்."

"எதை அளந்தீங்க?"

"ஓட்டையை."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. அழுதாள். மாதாஜி தேற்றவில்லை.

"பழி யார் மேல விழுந்துச்சு?"

"அந்த ஆபரேட்டர் மேல. ஏழுமலைன்னு பேரு. சாக்கடைத் தண்ணியக் கலந்து விட்டான்னு அடிச்சாங்க. வேலை போச்சு. ஒன்பது வருஷமாச்சு, இன்னும் அந்த ஊர்லதான் இருக்கார். அவர் வீட்டுத் தண்ணிய யாரும் தொடறதில்லையாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதான் எனக்குத் தீட்சை வேணும். எல்லாத்தையும் விட்டுடறேன்."

மாதாஜி சவ்வைக் காட்டினார். பாதி காய்ந்திருந்தது.

"இதுங்க என்ன ஆகும்?"

"காய்ஞ்சா செத்துடும்."

"சவ்வு விடமாட்டேங்குதா?"

"விடமாட்டேங்குது."

"அப்ப சவ்வையே உள்ள இறக்குங்க."

ஜினமதி அவரைப் பார்த்தாள். பிறகு கயிற்றை எடுத்தாள். சவ்வின் ஒரு மூலையில் முடிச்சுப் போட்டாள். முடிச்சு இரண்டு முறை நழுவியது. கிணற்றுக்குள் மெதுவாக இறக்கினாள். சவ்வு நீரைத் தொட்டது, நனைந்தது, கலங்கலுக்குள் போனது. கயிற்றின் மறுநுனியை உருளைக் கட்டையில் கட்டினாள்.

நெடுநேரம் எட்டிப் பார்த்தபடி நின்றாள். மேலே இருந்து ஒன்றும் தெரியவில்லை.

"அந்த ஊருக்குப் பஸ் இருக்கா?" மாதாஜியின் குரல் பின்னாலிருந்து வந்தது.

"காலைல ஆறே கால். அப்புறம் பன்னெண்டு இருபது. சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஒண்ணு."

யோசிக்காமல் சொன்னாள். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டாள். ஒன்பது வருடமாக அந்த ஊர்ப் பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

"போனா என்னை அடிப்பாங்க, மாதாஜி."

மாதாஜி வாசலுக்கு வந்து வெயிலை அண்ணாந்து பார்த்தார்.

"பன்னெண்டு இருபது இன்னும் போயிருக்காது."