சிக்கு போட்டது யார்?

நெடுமட்டம் மலையூரில் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டால் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். தோட்டத்தில் வேலை குறையும். சாயங்காலமானால் ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த மாதங்களில்தான் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கலை வகுப்புகள் நடக்கும். ஒரு மூலையில் ஓவியம், ஒரு மூலையில் பறை. மேடைக்கு முன்னால் இருந்த அகலமான இடம் செண்பகவல்லி டீச்சரின் பின்னல் கோலாட்டத்துக்கு.

யார் வேண்டுமானாலும் சேரலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் வந்தது, பல்செட் கட்டிய பெரியவரும் வந்தார். பொங்கலன்று ஊர் முன்னால் ஆடிக்காட்ட வேண்டும்.

பின்னல் கோலாட்டம் பார்க்க எளிது. உத்தரத்திலிருந்து வண்ணக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கொரு கயிறு ஒரு கையில், கோல் மறு கையில். பாதிப் பேர் வலமாகச் சுற்றுவார்கள், பாதிப் பேர் இடமாக. எதிரில் வருகிறவரை ஒரு முறை உள்ளே விட வேண்டும், அடுத்தவருக்கு வெளியே போக வேண்டும். ஆட ஆட உச்சியிலிருந்து பின்னல் இறங்கி வரும். பிறகு அப்படியே திரும்பி ஆடினால் பின்னல் பிரிந்துவிடும். யாராவது ஒருவர் ஒரே ஒரு இடத்தில் மாறிப் போனாலும் போதும், பிரியாது. சிக்கிக்கொண்டு நிற்கும்.

அந்த வருஷம் தினமும் சிக்கிக்கொண்டு நின்றது.

"டீச்சர், இது தானா விழற சிக்கு இல்லீங்க" என்றார் ஆறுச்சாமி. "யாரோ போடறாங்க."

ஆறுச்சாமி பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நடுவழியில் கையைக் காட்டி ஏறுவார். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார் என்று மலை முழுக்கப் பெயர். செண்பகவல்லி டீச்சரைவிட வயதில் ரொம்ப மூத்தவர். முழங்காலுக்கு நல்லது என்று யாரோ சொல்லி ஒரு குளிர்காலம் வந்தார். பிறகு ஒரு குளிர்காலமும் தவறவிடவில்லை. டீச்சருக்கு அடுத்து ஆட்டம் தெரிந்தவர் அவர்தான்.

"எப்படிச் சொல்றீங்கண்ணா?" என்று கேட்டார் டீச்சர்.

"தெரியாமப் பண்ணுனா இடம் மாறி மாறி விழுமுங்க. இது ஒரே இடத்துல விழுகுது. பாதிப் பின்னல் இறங்குன உடனே. தெரிஞ்சு பண்ற வேலைங்க இது."

டீச்சர் சிக்கிய பின்னலை அவர் கையில் கொடுத்தார். "முதல்ல இதை அவுத்துடுங்க."

"ஆளைக் கண்டுபிடிச்சுட்டா அவுக்கற வேலையே இல்லீங்களே."

ஆறுச்சாமி பின்னலைப் பக்கத்தில் நின்ற பிள்ளைகளிடம் தள்ளிவிட்டு மங்கிக் குல்லாயை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவருக்கு ஆள் யாரென்று ஏற்கெனவே தெரியும். ரோசலின்.

ரோசலின் அந்த வருஷம்தான் ஊருக்கு வந்தவள். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் வேலை. தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் தனியாக இருந்தாள். வகுப்புக்குக் கடைசியாக வருவாள், முதலில் போய்விடுவாள். அவள் சேர்ந்த வாரத்தில்தான் சிக்கு விழ ஆரம்பித்தது. இதைவிட வேறென்ன வேண்டும்?

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தார்.

"எந்த ஊரும்மா உனக்கு?"

"கீழ."

"கீழன்னா? மேட்டுப்பாளையமா, கோயமுத்தூரா?"

"கீழதான் சார்."

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறவர்களை ஆறுச்சாமி தன் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறார். டிக்கெட் வைத்திருப்பவன் கதை சொல்வான். இல்லாதவன்தான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பான்.

அன்று சாயங்காலம் பாதிப் பின்னலில் வழக்கம்போல் கயிறுகள் இறுகின. பாட்டு நின்றது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஆறுச்சாமி மட்டும் நேராக ரோசலினிடம் போனார்.

"போதும்மா. எதுக்கு இப்படிப் பண்ற?"

"நான் என்ன பண்ணினேன்?"

"நீ வந்ததுக்கப்புறம்தான் இது. ஊரும் சொல்ல மாட்டேங்கற, பேரைத் தவிர ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற. பொங்கலுக்கு ஊர் முன்னால எங்க மானத்தை வாங்கணும்னு யாராவது அனுப்பிச்சாங்களா?"

பறைக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்தினார்கள். ரோசலின் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் பச்சைக் கயிற்றைப் பிடித்தபடி பேசாமல் நின்றார். ரோசலின் தன் கயிற்றை விட்டாள், கோலைத் தரையில் வைத்தாள், சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவளுக்கு எதிர்ஜோடியாக ஆடிய குழந்தை தாரணி, இரண்டாம் வகுப்பு. கோலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் யாரோட ஆடறது?" என்று கேட்டாள். ஜோடி இல்லாமல் பின்னலில் இடம் இல்லை. தாரணி மேடைப் படியில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த நாளும் சிக்கு விழுந்தது.

ரோசலின் இல்லாமலே விழுந்தது. ஆனால் ஆறுச்சாமி அதை நின்று யோசிக்கவில்லை. அவர் மனம் அடுத்த ஆளுக்குத் தாவிவிட்டது. டெய்லர் கஜேந்திரன். எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசுகிறவர். விளையாட்டுக்குச் செய்யக்கூடிய ஆள்.

கேட்டதும் கஜேந்திரன் கொதித்துவிட்டார். "செக்கிங்குக்கு ஏறுனவரு டிக்கெட் எடுத்தாரான்னு எவனாவது பாத்தீங்களா? நான் சொல்றேன், இவரே போடறாரு. அப்பத்தான நாட்டாமை பண்ண முடியும்!"

அதற்குப் பிறகு வகுப்பு வகுப்பாக இல்லை. அம்மாக்கள் அடுத்த அம்மாவின் பிள்ளையின் காலைக் கவனித்தார்கள். பக்கத்தில் ஆடுகிறவரின் கையைப் பார்த்துக்கொண்டே ஆடியதில் தாளம் போனது. கோலோடு கோல் தட்டுகிற இடத்தில் விரலில் அடி விழுந்தது. வேண்டுமென்றே அடித்ததாகச் சண்டை வந்தது. வராமலிருக்கச் சிலர் சளி என்றார்கள், சிலர் வீட்டில் விருந்தாளி என்றார்கள். வளையம் சின்னதாகிக்கொண்டே வந்தது. இத்தனைக்கும் டீச்சர் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சிக்கு விழுந்தால், "அவுத்துட்டுத் திரும்ப ஆடலாம்" என்பார். அவ்வளவுதான்.

ஒரு நாள் முழங்கால் வலி என்று சொல்லி ஆறுச்சாமி ஆட்டத்திலிருந்து விலகி, தாரணிக்குப் பக்கத்தில் மேடைப் படியில் உட்கார்ந்தார். வெளியே இருந்து பார்த்தால் தெரியாமல் போகாது. ஒவ்வொருவராக எடுத்தார். ஒருவரைப் பார்க்கும்போது மற்றவரைப் பார்க்கவில்லை. அப்படிச் சில நாள் போனது. கஜேந்திரன் சரியாக ஆடினார். பல்செட் பெரியவர் சரியாக ஆடினார். பிள்ளைகள் துள்ளிக் குதித்தாலும் உள்ளே வெளியே மாறாமல் போனார்கள்.

பஸ்ஸில் எல்லோரிடமும் டிக்கெட் கேட்கலாம். டிரைவரிடம் யார் கேட்பார்கள்? மற்ற எல்லோரையும் பார்த்து முடித்த பிறகுதான் ஆறுச்சாமியின் கண் பச்சைக் கயிற்றுக்குப் போனது.

பாட்டின் நடுவில், பாதிப் பின்னல் இறங்கியதும், டீச்சர் லேசாகக் குனிந்தார்; வெளியே போக வேண்டிய பச்சைக் கயிறு சத்தமில்லாமல் உள்ளே போனது.

தன் கண்ணை அவர் நம்பவில்லை. மறுநாளும் பார்த்தார். அதே இடம். அதே குனிவு.

அடுத்த நாள் காலையில் கூடத்துக்குப் போனார். டீச்சர் வாசலில் வெயில் விழுந்த இடத்தில் கயிறுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். புல்லில் பனி இன்னும் வெள்ளையாகக் கிடந்தது.

"டீச்சர், நீங்கதான்."

"ஆமாண்ணா."

ஆறுச்சாமி தடுமாறிப்போனார். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்களை அவருக்குத் தெரியும். முதல் கேள்விக்கே ஆமாம் என்றவர்களைத் தெரியாது.

"எதுக்குங்க?"

"பின்னறதை எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாச்சு. குழந்தைங்க, வயசானவங்க எல்லாம் சேந்து ஆடறோம். பொங்கலன்னிக்கு எங்கயாவது ஒரு சிக்கு விழத்தான் செய்யும். அதை அவுக்க யாருக்கும் தெரியலையே."

"சொல்லிட்டுப் போட்டிருக்கலாமுல்ல?"

"சொல்லிட்டுப் போட்டா எல்லாரும் கயித்தைப் பாப்பீங்க. பொங்கலன்னிக்கு யாரு சொல்லிட்டுப் போடப் போறாங்க?"

"சொல்லாமப் போட்டதால?"

"நீங்க எதைப் பாத்தீங்க?"

"அப்ப அந்தப் பொண்ணு? கோலை வெச்சுட்டுப் போயிட்டாளே. அது உங்களாலதான?"

"சிக்கு நான் போட்டதுதான்" என்றார் டீச்சர். கயிற்றை உதறிவிட்டு அவரைப் பார்த்தார். "அவளை நானா அனுப்பிச்சேன்?"

ஆறுச்சாமி அங்கே நிற்கவில்லை.

லைன் வீடுகளின் கடைசியில் ரோசலின் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"தப்பு என்னோடதும்மா. நீ இல்லைன்னு இப்பத்தான் தெரிஞ்சது. டீச்சரே போட்டிருக்காங்க. நீ திரும்ப வரணும்."

தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் இல்லைன்னு தெரிஞ்சதால வந்தீங்க."

"ஆமாம்மா."

"நானா இருந்திருந்தா வந்திருப்பீங்களா சார்?"

ஆறுச்சாமி குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"புது ஊரு. ஆட்டம் தெரியாது. முதல் வாரம் நிஜமாவே நான் எத்தனையோ தடவ மாறிப் போனேன். எப்பக் கண்டுபிடிப்பாங்களோன்னு பயந்துக்கிட்டுத்தான் கடைசில வந்து முதல்ல போனேன்." அவள் வாளியை எடுத்தாள். "டீச்சர்கிட்டயும் சொல்லுங்க. அன்னிக்கு நான் அவங்களைத்தான் பாத்தேன். அவங்க வாயத் திறக்கல."

கதவு சாத்திக்கொண்டது.

ஆறுச்சாமி திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார். டீச்சர் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்ட கேள்வியைச் சொன்னபோது கை நிற்கவில்லை. கடைசிச் சொல்லைச் சொன்னபோது நின்றது.

"அது சரிதான்" என்றார் டீச்சர். சுருட்டிய கயிற்றை ஆறுச்சாமி கையில் கொடுத்துவிட்டு, சால்வையை எடுத்துக்கொண்டு லைன் வீடுகளை நோக்கி நடந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று ஆறுச்சாமிக்குக் கடைசிவரை தெரியாது. கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் எல்லோர் முன்னாலும் தானே சொன்னார். கஜேந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது, திரும்ப வரவேயில்லை. மீதிப் பேர் அவிழ்க்கப் பழகினார்கள். கயிறு இறுகினால் நிற்க வேண்டும், இழுக்கக் கூடாது. பாட்டை விடாமல், வந்த வழியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போக வேண்டும். இது ஆடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. முக்கியமாக ஆறுச்சாமிக்கு. அவர் கால் பின்னால் போனாலும் கழுத்து அக்கம்பக்கம் திரும்பியது.

இரண்டு நாள் கழித்து ரோசலின் வந்தாள். தாரணி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். ரோசலின் ஆறுச்சாமியைப் பார்க்கவில்லை. தன் கயிற்றை எடுத்துக்கொண்டாள்.

பொங்கலன்று கூடம் நிறைந்து வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். பாட்டு தொடங்கியது. பின்னல் இறங்கியது. பாதி தாண்டியது. அவர்கள் அத்தனை நாள் பயந்த இடம் ஒன்றும் ஆகாமல் போனது. முக்கால் பின்னலும் முடிகிற நேரத்தில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், ஆறுச்சாமியின் கையில் கயிறு இறுகியது.

அவர் கழுத்து திரும்பப் போனது. வலப்பக்கம் ரோசலின், இடப்பக்கம் கஜேந்திரன், எதிரில் பச்சைக் கயிறு. ஒரே ஒரு பார்வை போதும், தெரிந்துவிடும். ஆனால் அவருக்கு முன்னால் தாரணி கயிற்றை இழுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

"பின்னாடி, கண்ணு" என்றார். "மெதுவா. ஒரு அடி."

தாரணி ஒரு அடி பின்னால் வைத்தாள். அவரும் வைத்தார். வளையம் முழுக்க ஒரு அடி பின்னால் போனது. பாட்டு நிற்கவில்லை. இன்னொரு அடி. இன்னொன்று. இறுகிய கயிறு மெல்லத் தளர்ந்தது. மறுபடியும் முன்னால் ஆடினார்கள். "பின்னாலயும் ஆடறாங்கப்பா!" என்று முன்வரிசையில் யாரோ வியந்தார்கள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் பொங்கல் வாங்கக் கலைந்த பிறகு, டீச்சர் நாற்காலியில் ஏறி உத்தரத்திலிருந்து கயிறுகளை அவிழ்த்துக் கீழே விட்டார். ஆறுச்சாமி ஒவ்வொன்றாக வாங்கிச் சுருட்டினார். ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணா."

"இன்னிக்கும் நீங்களாங்க?"

"இல்லை."

"அப்ப யாருங்க?"

டீச்சர் கடைசிக் கயிற்றை அவர் கையில் விட்டார்.

"எனக்கு எப்படிண்ணா தெரியும்? நானும் அவுத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."