கட்டைவிரல் அகலத்து ஈரம்

காலை ஆட்டாத, கோதை. மாவுக்கட்டு போட்டிருக்குன்னு நினைப்பு இருக்கா உனக்கு? மத்தியானம் ரெண்டு மணி நேரம் அசையாம படுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. உங்கப்பனையே அதட்டித் தூங்க வெச்சவ நான், நீ எம்மாத்திரம். அத்தை கதை சொல்றேன். நடுவுல நடுவுல "ம்" கொட்டணும். கொட்டலன்னா நீ தூங்கிட்டன்னு நிறுத்திப்புடுவேன். சரியா?

ஒரு கடல்ல ஒரு பாறை. ஊரு இல்ல, வெறும் பாறை. புல்லு பூண்டு கிடையாது, காக்கா கூட வந்து உக்காராது. அந்தப் பக்கம் ஒரு நாள் கடலாயின்னு ஒரு பொம்பளை படகுல போனா. காத்து அடிச்சுது பாரு, ஊ...ன்னு. படகு டமார்னு உடைஞ்சுது. அவ நீந்தி நீந்தி அந்தப் பாறையைப் புடிச்சு ஏறிட்டா. சேலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு, பல்லு கிடுகிடுன்னு ஆடுது.

அப்போ அந்தப் பாறை பேசிச்சு. ஆமாடி, பாறைதான். அந்தக் காலத்துல அதுக்கும் வாய் இருந்துச்சு. "ஈரத்துணியோட வந்துட்ட, என்ன வேணும் கேளு"ன்னுச்சு. "உக்கார இடம் வேணும்"னா. பாறை பொதக்குனு தணிஞ்சு தரையாச்சு. "தலைக்கு நிழல் வேணும்"னா. சரசரன்னு மரம் மொளைச்சுது, ஜாதிக்காய் மரம். அப்புறம் "வாய் நனைக்கத் தண்ணி வேணும்"னா. பாறை நடுவுல படக்குன்னு ஒரு வெடிப்பு விட்டு, குபுகுபுன்னு ஊத்து கிளம்பிடுச்சு. சுத்தி உப்புக்கடல், நடுவுல இளநி மாதிரி தண்ணி. தித்திப்பூத்துன்னு பேரு வெச்சா கடலாயி.

ம் சொல்லு. ஆங்.

அவ தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வெயில்ல சேலை காஞ்சிடுச்சு. அப்போ பாறை சொல்லிச்சாம், "உன் துணி காஞ்சிடுச்சு தாயி. இனிமே நீ கேக்குறவ இல்ல, குடுக்குறவ." அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பாறை பேசவே இல்ல.

அதுக்கப்புறம் அங்க ஒதுங்கினவங்க, பிழைக்க வந்தவங்க எல்லாம் சேர்ந்து, பிள்ளை குட்டி பெருகி, ஒரு தீவாச்சு. கடலாயித்தீவு. அவங்களுக்குன்னு ஒரே ஒரு வழக்கம். கடல்லேர்ந்து ஈரத்துணியோட ஏறி வந்தவன் எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லக்கூடாது. துணி காஞ்சிட்டா அவன் நம்ம ஆளு, அவன்தான் அடுத்தவங்களுக்குக் குடுக்கணும்.

ஈரமா காஞ்சுதான்னு யாரு பாக்குறது? அதுக்குன்னு ஒரு ஆளு உண்டு. "தொட்டுச் சொல்றவ"ன்னு பேரு. கடலாயி வம்சத்துல மூத்த பொண்ணு. அவ மட்டும்தான் துணி ஓரத்தைத் தொடுவா. "ஈரம்"னா ஈரம், "காஞ்சிடுச்சு"ன்னா காஞ்சிடுச்சு. வேற யாரும் தொட்டுப் பாக்கவும் மாட்டாங்க, மறுத்துப் பேசவும் மாட்டாங்க.

என்ன கேக்குற? தீவுக்காரங்களே கடல்ல முங்கி எழுந்து ஆளாளுக்குக் கேட்டுக்கலாமேன்னா? அதான் இல்ல. மீன் புடிக்கிறவன் தினம்தான் நனையுறான். ஒருத்தனும் கேட்டதில்ல. வெக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? அதை நம்பித்தான் அந்த வழக்கமே நடந்துச்சு.

நம்ம கதை நடக்குறப்போ தொட்டுச் சொல்றவ பேரு நல்லாச்சி. நல்ல பொம்பளைதான், குத்தம் சொல்லக்கூடாது. ஆனா கொஞ்சம் தலைக்கனம். என் கை பொய் சொல்லாதுன்னு பத்து பேர் இருக்குற இடத்துல நாலு தடவை சொல்லிடுவா. அவளுக்கு ஒரே மக, மாதுளைன்னு பேரு. அவ சுட்டுப் பொசுக்குற மாதிரி பேசுவா, உன்னை மாதிரி.

அப்போ ஒரு நாள் ஒரு பெரிய கப்பல் பாறையில மோதிடுச்சு. டமார்! அதுலேர்ந்து ஒரு கப்பித்தான் கரை ஏறி வந்தான். கப்பித்தான்னா கப்பல் தலைவன். வெள்ளைக்காரன், தலையில முக்கோணத் தொப்பி, உடம்புல கறுப்புக் கம்பளிக் கோட்டு. நிஜமாவே பாவம், குளுருல உதடு நீலம் பாரிச்சுக் கிடந்தான். நல்லாச்சி கோட்டு ஓரத்தைத் தொட்டா. "ஈரம். என்ன வேணும் கேளுப்பா"ன்னா. அவன் கையைக் காட்டி, "உக்கார இடம்"னான். குடிசை போட எடம் குடுத்தாங்க. சாயங்காலம் கோட்டு காஞ்சுது. "இனிமே நீயும் குடுக்கணும்"னாங்க. அவன் சிரிச்சுக்கிட்டே கோட்டுல இருந்த பித்தளைப் பொத்தானெல்லாம் பட்டுபட்டுன்னு அறுத்துப் பிள்ளைங்களுக்குக் குடுத்தான். எல்லாருக்கும் அவனைப் புடிச்சுப் போச்சு.

நல்லாச்சிக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. தினம் அவனை உக்கார வெச்சு கடலாயி கதையைச் சொன்னா. பாறை பேசினது, மூணு கேட்டது, வழக்கம், தன் கை பொய் சொல்லாதது, எல்லாத்தையும் பெருமையா சொன்னா. அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அவனை மாதிரி கதை கேக்குறவன் கிடையாதுன்னு அவளுக்குப் பூரிப்பு. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் அவ. எனக்கு இப்பவும் அதை நினைச்சா வயித்தெரிச்சலா இருக்கு.

ம்? ம்.

அப்புறம் அவனைத் தேடி வேற கப்பல் வந்து கூட்டிட்டுப் போச்சு. அடுத்த வருஷம் மூணு கப்பலோட திரும்பி வந்தான். கும்பினிக்காரங்க, அதான் வியாபாரக் கம்பெனி ஆளுங்க, துப்பாக்கி, பீப்பாய் எல்லாம் இருக்கு. படகுல கரைக்கே வந்துட்டான், இறங்கினா கால்ல தண்ணி படாது. என்ன பண்ணினான் தெரியுமா? பத்தடி தூரம் இருக்கும்போதே கோட்டோட தொபுக்குன்னு கடல்ல குதிச்சான்! நனைஞ்ச கோழியாட்டம் எழுந்து வந்து நின்னான். பிள்ளைங்கல்லாம் கெக்கெக்கேன்னு சிரிச்சுது. பெரியவங்களும் சிரிச்சாங்க.

"நல்லாச்சி, தொட்டுச் சொல்லு"ன்னான்.

அவ தொட்டா. சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. "ஈரம்"னா.

"எனக்கு நிழல் வேணும். தீவுல இருக்குற ஜாதிக்காய் மரம் அத்தனையும் வேணும்"னான்.

சிரிப்பு நின்னு போச்சு. மாதுளை கத்தினா, "அம்மா, இவன் போன வருஷமே காஞ்சவன். நம்ம ஆளாயிட்டான். கேக்க முடியாது!"

நல்லாச்சி சொன்னா, "எத்தனை தடவைன்னு வழக்கத்துல இல்லடி. ஈரமா இல்லையா, அதுதான் கணக்கு."

மரமெல்லாம் போச்சு. கும்பினிக்காரன் தன்னோடதுன்னு மரத்துக்கு மரம் இரும்புத் தகடு அடிச்சான், லொட்டு லொட்டுன்னு. தன் வீட்டு வாசல் மரத்துல காய் பறிச்ச கிழவனைக் கட்டி வெச்சு அடிச்சாங்க. அப்பவும் தீவு ஜனம் பொறுத்துக்கிட்டுது. மரம் போனா போகுது, ஊத்து இருக்குல்ல, குடிச்சுப் பிழைச்சுக்கலாம்னு இருந்துது.

அவன் அதையும் விடுவானா? ஒரு வருஷம் போச்சு, வந்தான் மூணாவது தடவை. ஊத்துத் தண்ணிதான் அவனுக்கு வேணும். அந்தப் பக்கம் போற கப்பலுக்கெல்லாம் அங்க மட்டும்தான் நல்ல தண்ணி. ஊத்து யாரு கையில இருக்கோ, அந்தக் கடலே அவன் கையில.

ஆனா இந்தத் தடவை மாதுளை உஷாரா இருந்தா. கப்பித்தான் மறுபடியும் கடல்ல குதிச்சு நனைஞ்சு கரை ஏறினதும், "வாங்க வாங்க, முதல்ல சாப்பிடுங்க"ன்னு பந்தி போட்டுட்டா. வெயில் மண்டையைப் பிளக்குது. சோறு வெச்சா, மீன் வெச்சா, மறுபடியும் சோறு வெச்சா. கோட்டு காயட்டும்னுதான். அவன் மட்டும் என்ன லேசுப்பட்டவனா? கப்பல் சமையக்காரன் ஒருத்தன், குண்டா தொப்பையும் தொந்தியுமா, ரெண்டு வாளி உப்புத்தண்ணியோட பின்னாலயே நிக்கிறான். கப்பித்தான் ஒரு வாய் சாப்பிடுவான், அவன் ஒரு சொம்பு தோள்ல ஊத்துவான். ஒரு வாய், ஒரு சொம்பு. சளப், சளப். இலையில இருக்குற ரசமெல்லாம் உப்பா போச்சு. சிரிக்காதடி, கட்டு ஆடுது.

அப்போ மாதுளை பரிமாறுற மாதிரி வந்து, கால் தடுக்கின மாதிரி விழுந்தா. ரெண்டு வாளியும் கடகடன்னு உருண்டு போச்சு. சமையக்காரன் தொப்பையைத் தூக்கிக்கிட்டு கடலுக்கு ஓடி மொண்டுட்டு வர்றதுக்குள்ள, வெயில் தன் வேலையைப் பாத்துடுச்சு. பந்தி முடிஞ்சு எல்லாரும் எழுந்துட்டாங்க. கறுப்புக் கம்பளியில ஈரம் தெரியாது. ஆனா சொட்டு நின்னு போச்சு, ஆவி பறக்குறதும் நின்னு போச்சு. ஜனத்துக்கெல்லாம் மூச்சு வந்துச்சு.

கப்பித்தானுக்கு முகம் வேர்த்துடுச்சு. ஆனா அவன் நல்லாச்சியைப் படிச்சு வெச்சிருந்தான். எல்லாருக்கும் முன்னாடி சத்தமா சொன்னான், "நல்லாச்சி தொட்டு என்ன சொல்றாளோ அதுக்கு நான் கட்டுப்படுறேன். காஞ்சுதுன்னு சொன்னா கப்பலைத் திருப்பிக்கிட்டுப் போயிடுறேன்." அவனோட வந்த கும்பினி அதிகாரிங்களும் சரின்னு தலையாட்டினாங்க.

நல்லாச்சி முன்னால வந்தா. குனிஞ்சு கோட்டு ஓரத்தைத் தொட்டா. முன்பக்கம், காஞ்சிருக்கு. இடது பக்கம், காஞ்சிருக்கு. பின்பக்கம் மடிப்புக்குள்ள விரலை விட்டா. அங்க ஒரு இடத்துல, ஒரு கட்டைவிரல் அகலம், ஈரம்.

அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்கே தெரியாது. ஜனம் பூரா அவ வாயையே பாக்குது. மாதுளை கும்புட்ட கையை இறக்கல.

ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா என்னடி கெட்டுப் போயிருக்கும்? சொல்லு, என்ன கெட்டுப் போயிருக்கும்?

நல்லாச்சி நிமிந்தா. "ஈரம் இருக்கு"ன்னுட்டா.

...தூங்கிட்டியா? இல்லையா. சரி.

அப்புறம் என்ன, ஊத்தைச் சுத்தி மதில் வந்துச்சு. இரும்புக் கதவு, கிறீச்சுன்னு சாத்துவான், திறப்பான். பீப்பாய் பீப்பாயா தண்ணி கப்பலுக்குப் போச்சு. தீவு ஜனத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சொம்பு. அதைவிடக் கொடுமை ஒண்ணு பண்ணினான் பாரு. "இவளை மாதிரி நேர்மையானவ உலகத்துலயே கிடையாது"ன்னு சொல்லி, தண்ணி அளந்து ஊத்துற வேலையை நல்லாச்சிக்கே குடுத்தான். நாம இருந்தா நம்ம ஜனத்துக்கு ஒழுங்கா கிடைக்குமேன்னு அவளும் ஒத்துக்கிட்டா. ஒரு சொட்டு கூடவும் இல்ல, குறையவும் இல்ல, அவ்வளவு சரியா அளந்தா. வாங்கிட்டுப் போனவங்க யாரும் அவ முகத்தைப் பாக்கல.

ஒரு சொம்புத் தண்ணியில எத்தனை நாள் குடும்பம் நடத்துறது? கோடை வந்துச்சு. ஒவ்வொரு குடும்பமா படகு ஏறிச்சு. கடைசிப் படகுல மாதுளை, கைப்பிள்ளையோட. நல்லாச்சி கரைக்கு ஓடி வந்தா.

"ஏண்டி, நீயுமா போற?"

"எம்புள்ளைக்கு நாக்கு வறளுதும்மா."

"நான் என்னடி பண்ணுவேன்? அன்னிக்கு நெசமாவே ஈரம் இருந்துச்சு. இத்தனூண்டு இருந்துச்சு."

"இருந்திருக்கும்மா. நீ பொய் சொல்லியிருக்க மாட்ட."

"பின்ன என்னத்துக்கு என்மேல கோவம்?"

மாதுளை பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டுச் சொன்னா, "நீ காஞ்சிடுச்சுன்னு சொல்லியிருந்தா நாங்க அத்தனை பேரும் நம்பியிருப்போம். அவனும் நம்பியிருப்பான். பொறந்ததுலேர்ந்து ஒரு பொய் சொல்லாம சேத்து வெச்சியே, அதை எங்களுக்காக ஒரு நாள் செலவு பண்ணியிருக்கலாம்மா."

படகு போயிடுச்சு. சளக், சளக்னு துடுப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுச்சு, அப்புறம் அதுவும் இல்ல.

கும்பினிக்காரன் பேராசையில ஊத்தைத் தோண்டித் தோண்டிப் பெருசாக்கினான். கடல் உள்ள புகுந்துடுச்சு. தித்திப்பூத்து உப்பூத்தாச்சு. உப்புத்தண்ணி அவனுக்கு எதுக்கு? மூட்டையைக் கட்டிட்டு வேற தீவு பாக்கப் போயிட்டான். மதிலும் கதவும் அப்படியே நின்னுது.

நல்லாச்சி மட்டும் போகல. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவா? மழைத்தண்ணியைச் சட்டியில புடிச்சுக் குடிச்சுக்கிட்டு, தனியா கிடந்தா. தினம் காலையில எழுந்து கரைக்கு வருவாளாம். மக போன திசையைப் பாத்து நின்னு, குனிஞ்சு, காத்துல ஒரு துணியைத் தொடுற மாதிரி விரலை வெப்பாளாம். அப்புறம் நிமிந்து, ஊருக்கே கேக்குற மாதிரி கத்துவாளாம்:

"காஞ்சிடுச்சு! காஞ்சிடுச்சுப்பா, நீ போ!"

கேக்கத்தான் ஒரு ஆளு இல்ல.

அழறியா? எனக்கும் அழுகை வருது. இந்தக் கதையை உன்கிட்ட சொல்லியிருக்க வேணாம்னு தோணுது. அவ மேல எனக்கு அவ்வளவு கோவம், ஆனா அவளைத் திட்டவும் மனசு வரல. வா, கண்ணைத் துடைச்சு விடுறேன்.

என்ன? நான் அந்த இடத்துல இருந்தா என்ன சொல்லியிருப்பேனா?

...தெரியலடி தங்கம். நிஜமா தெரியல.

அம்புட்டுதான். கதையைக் கரையில இழுத்துப் போட்டாச்சு, நீ கண்ணை இழுத்து மூடு.