மிதவை கட்டின சாவி

“காத்திருக்கிறது தப்பே இல்ல அண்ணாச்சி. உங்க புரோகிராம் பொறந்ததே காத்திருக்கிறதுக்குத்தான்”னு இசக்கியம்மாள் டீச்சர் சொன்னாங்க.

“அப்புறம் ஏன் டீச்சர் மொத்தமும் உறைஞ்சு போய் நிக்குது?”

டீச்சர் சொம்பை அண்ணாந்து தண்ணி குடிச்சாங்க.

சிஷ்யனுக்கு வயசு அம்பத்தொண்ணு, டீச்சருக்கு முப்பத்திரண்டு. சிஷ்யன் பேரு சவரிராயன். தூத்துக்குடியில ஒரு படகுச் சங்கத்துல, வயர்லெஸ் மைக்கப் புடிச்சு, கடலுக்குள்ள கிடக்கிற படகுகளுக்குக் காத்து எச்சரிக்கை சொல்லுறதுதான் அவர் வேலை. கத்திக் கத்தியே ரெண்டு பொண்ணுகளைக் கட்டிக் குடுத்தவர். அப்புறம் தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. உசுரு தங்கிருச்சு, சத்தம் போயிருச்சு. இப்போ அவர் பேசினா ஈர மணல்ல தகரத்தை இழுக்கிற மாதிரி இருக்கும்.

சங்கத்து மாடியில டீச்சர் நடத்துற சாயங்கால வகுப்புல போய் உக்காந்தார். தொண்டைக்குப் பதிலா, படகுகளுக்குத் தானா சேதி அனுப்புற ஒரு சர்வர் புரோகிராம் எழுதணும்னு கேட்டார். அந்தம்மா ரஸ்ட்டுன்னு ஒரு மொழியக் கத்துக்குடுத்தாங்க. ரொம்பக் கண்டிப்பான மொழி. எழுதினத மெஷினுக்கு அனுப்புறதுக்கு முன்னால கம்பைலர்னு ஒண்ணு சோதிக்கும். உப்பளத்துல ஈரம் பார்க்கிற கங்காணி மாதிரி, ஒரு சொட்டு கசிஞ்சாலும் மூட்டையத் திருப்பி அனுப்பிரும்.

சவரி ஆறப்போட்டு, மல்லுக்கட்டி, எழுதி முடிச்சார். படகுக்கு ஒரு வேலையாள்னு சர்வருக்குள்ள வச்சிருந்தார். ஒவ்வொரு வேலையாளும் தன் படகுக்குச் சேதி அனுப்புவான், ‘கேட்டுச்சு’ன்னு பதில் வர்ற வரைக்கும் காத்திருப்பான். ஒருத்தன் காத்திருக்கிற நேரத்துல மெஷின் அடுத்தவனைப் பார்க்கப் போயிரும். யாருக்குப் போச்சு, யாருக்குப் போகலைன்னு குறிக்க எல்லாருக்கும் பொதுவா ஒரே பலகை. ரெண்டு பேர் ஒரே நேரத்துல கிறுக்கிரக் கூடாதுன்னு அந்தப் பலகைக்கு ஒரு லாக்கு; அத எடுத்தவன் விட்டாத்தான் அடுத்தவன் எழுத முடியும்.

எழுதினது என்னமோ சரிதான். ஆனா போன தடவை சோதிச்சப்போ நாலஞ்சு படகுக்குச் சேதி போச்சு. அதோட நின்னுருச்சு. மத்த படகெல்லாம் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

இன்னைக்குக் காலையில பதினோரு மணிக்கு மறு சோதனை. அதுக்காகத்தான் டீச்சர் காலையிலயே வந்திருந்தாங்க. சங்கச் செயலாளர் கொமெஸ் நேத்தே சொல்லிட்டார்: “நாளைக்கும் நின்னுச்சுன்னா இந்த சர்வர் பெட்டியக் கழட்டிருவோம்வே. குரல் உள்ள ஆளா ஒருத்தனப் பார்த்துக்கிடுதோம். மனசுல வச்சுக்கிடாதீரும்.”

மனசுல வைக்காம வேற எங்க வைக்கிறது?

“மெஷின் பத்தலையோ டீச்சர்? பெருசா ஒண்ணு வாங்கச் சொல்லுவமா?”

“அது நிக்கிற நேரத்துல எம்புட்டு வேலை பார்க்குதுன்னு பாருங்க.”

பார்த்தார். மெஷின் ஒரு வேலையும் பார்க்கல. கொட்டாவி விட்டுக்கிட்டுக் கிடந்துச்சு.

“எந்த லாக்கு போட்டிருக்கீய?”

இதுக்குத்தான் காத்திருந்த மாதிரி சவரி நிமிர்ந்து உக்காந்தார். “அது ஒரு கதை டீச்சர். மொத சாதா லாக்குதான் போட்டேன். கம்பைலர் ஒத்துக்கிடல. ‘இந்த லாக்கக் கையில வச்சுக்கிட்டுக் காத்திருக்கிற இடத்துக்குப் போகாத’ன்னு சிவப்புல திட்டுச்சு. நம்ம விடுவமா? காத்திருக்கிற இடத்துக்கும் கூடவே கொண்டுபோற லாக்கு ஒண்ணு இருக்குல்லா? அத எடுத்துப் போட்டேன். பொசுக்குனு வாய மூடிருச்சு.”

“மூடிருச்சா?”

“மூச்சு விடல.”

“ம்”னாங்க டீச்சர். எந்திரிச்சாங்க. கதவுப் பக்கத்து ஆணியில தொங்கின சாவிய எடுத்துக்கிட்டுப் படியெறங்கிப் போனாங்க.

அந்தச் சாவியப் பத்திச் சொல்லியாகணும். சங்கக் கட்டடம் முழுசுக்கும் இருக்கிறது ஒரே கக்கூஸ், இந்த மாடி நடைக் கோடியில. அதுக்கு ஒரே சாவி. தொலைஞ்சு தொலைஞ்சு போகுதுன்னு யாரோ ஒரு புண்ணியவான் அதுல வலையில கட்டுற மிதவை ஒண்ணைக் கட்டி விட்டிருந்தார். எலுமிச்சம்பழம் கணக்கா, மஞ்சளா இருக்கும். போறவங்க எடுப்பாங்க, வந்து மாட்டுவாங்க. சட்டம்னு எழுதி வைக்கல. வயித்தோட சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு எழுத்து தேவையில்ல.

டீச்சர் போனாங்க. வரல.

மொத ஆளா கணக்கு பார்க்கிற லில்லி வந்து ஆணியப் பார்த்துட்டு நின்னாங்க. அவங்களுக்குப் பின்னால ஐஸ் பிளாண்ட் ஆள் ஒருத்தர். அவருக்குப் பின்னால செயலாளர் கொமெஸ். கொமெஸுக்குச் சர்க்கரை உண்டு. அவர் நிக்கல, கால் மாத்தி மாத்தி ஆடினார்.

“உள்ள யாரு?”ன்னார்.

ஐஸ் பிளாண்ட் ஆள் கதவத் தட்டிப் பார்த்தார். “யாருமே இல்ல அண்ணாச்சி. வெளியப் பூட்டியிருக்கு.”

“யாருமே இல்லாத கக்கூஸுக்கு வரிசையாவே?”

லில்லி சிரிச்சாங்க. கொமெஸ் முறைச்சார். லில்லி அதுக்கும் சிரிச்சாங்க. “ஏ சவரி, உம்ம டீச்சர் எங்கவே?”ன்னார் கொமெஸ்.

சவரி கீழ ஓடினார். டீச்சர் டீக்கடை பெஞ்சுல சுகமா சாஞ்சு உக்காந்திருந்தாங்க. மடியில அந்த மஞ்சள் மிதவை.

“டீச்சர்! இங்க என்ன செய்யுதீய?”

“டீ சொல்லியிருக்கேன். பால் வரல. காத்திருக்கேன்.”

“பால் எப்ப வரும்?”

டீக்கடைக்காரர் தலைய நீட்டினார். “பால்காரர் வண்டி பஞ்சராம். வர்றப்போ வருவாரு.”

“அங்க வரிசை நிக்குது டீச்சர். செயலாளர் டான்ஸ் ஆடுதாரு.”

“ஆடட்டும். நான் சும்மாவா இருக்கேன், டீக்குத்தான காத்திருக்கேன்? காத்திருக்கிறது தப்பா?”

“காத்திருங்க, யார் வேண்டாம்னா? டீக்குக் காத்திருக்க அந்தச் சாவி எதுக்கு உங்க கையில?”

சொல்லிட்டு சவரி நின்னார். வாய் தொறந்தபடியே இருந்துச்சு.

டீச்சர் கடலப் பார்த்தாங்க.

தெக்க ரொம்பத் தூரம் போற படகு ஒண்ணு உண்டு, அடைக்கல மாதான்னு பேரு. அங்க சிக்னல் வாரதும் தெரியாது, போறதும் தெரியாது. அதுக்கான வேலையாள் பலகையோட லாக்கை எடுப்பான், சேதிய அனுப்புவான், பதிலுக்குக் காத்திருப்பான். லாக்கு மடியில. மத்தவன் எல்லாம் பலகைக்கு வெளிய வரிசையில. மெஷின் கொட்டாவி விடும். உள்ள யாருமே இல்ல. வெளியப் பூட்டியிருக்கு.

“கம்பைலர் சொல்லுச்சே டீச்சர்”ன்னார் சவரி, மெதுவா. “அன்னைக்கே தலையால அடிச்சுச் சொல்லுச்சே.”

“நீங்கதான் வாய மூட வச்சிட்டீயளே.”

சவரி சாவியப் பறிச்சுக்கிட்டு மேல ஓடினார். கொமெஸ் கையில திணிச்சார். கொமெஸ் வாங்கின கையோட மறைஞ்சார். சவரி கீபோர்டு முன்னால உக்காந்தார். லாக்கை எடுக்கிற வரிக்கு முன்னால ஒரு அடைப்புக்குறியத் தொறந்தார். பலகையில குறிக்கிறத மட்டும் உள்ள வச்சார். அடைப்புக்குறிய மூடினார். மூடினதும் லாக்கு தானா விட்டுரும், அது இந்த மொழியோட குணம். காத்திருக்கிற வரிய வெளிய தள்ளினார். பதில் வந்தா மறுபடி எடு, குறி, விடு. அம்புட்டுத்தான். கையோட சாதா லாக்கையே திரும்பப் போட்டார். கம்பைலர் ஒண்ணும் சொல்லல. இந்தத் தடவை வாய மூட வச்சு இல்ல.

மணி பதினொண்ணு ஆகப் போகுது. பயத்துல சவரிக்கும் வயித்தக் கலக்கிருச்சு. கக்கூஸுக்கு ஓடிப் போய்ட்டு ஓடி வந்தார். அதுக்குள்ள ரூம் நெறைய ஆள். படகுக்காரங்க, வலைக்காரங்க, ஜன்னல்ல ரெண்டு தலை. கொமெஸ் நடுவுல நாற்காலி போட்டு, நல்ல மனுசனா உக்காந்திருந்தார்.

“அனுப்பும்வே.”

சவரி சிலுவை போட்டுக்கிட்டுப் பட்டன அமுக்கினார். ‘சோதனைச் செய்தி. கிடைச்சவங்க பதில் அமுக்கவும்.’

ஸ்கிரீன்ல எல்லாப் படகு பேரும் மஞ்சளா எரிஞ்சுச்சு. ஒண்ணு பச்சையாச்சு. இன்னொண்ணு. மூணாவது. அடைக்கல மாதா மஞ்சள்லயே நின்னுச்சு. போன தடவை இங்கதான் எல்லாம் செத்துச்சு.

அடைக்கல மாதா மஞ்சள்லயே இருந்துச்சு. ஆனா அதுக்குக் கீழ ஒண்ணு பச்சை. அதுக்கும் கீழ ஒண்ணு. அப்புறம் யாராலயும் எண்ண முடியல. வேம்பு மழைக்குத் துளிர்க்கிற மாதிரி மேலயும் கீழயும் பச்சை பச்சையா வந்துக்கிட்டே இருந்துச்சு. அடைக்கல மாதாவுக்காக ஒருத்தரும் நிக்கல. அதை ஒருத்தரும் விட்டுட்டும் போகல. எல்லாரும் முடிஞ்ச பிறகு, தெக்குக் கோடியில இருந்து, நிதானமா, அதுவும் பச்சையாச்சு.

மூலையில தூசி படிஞ்சு கிடந்த வயர்லெஸ் கரகரத்துச்சு. கடலுக்குள்ள இருந்து எவனோ ஒரு படகு டிரைவர்.

“சவரியண்ணே! ஏ சவரியண்ணே! உங்க சத்தம் கேட்டுச்சு!”

ரூம் வெடிச்சுச்சு. விசில் அடிச்சது லில்லின்னு பின்னால தெரிஞ்சுச்சு. கொமெஸ் எந்திரிச்சு வந்து சவரியக் கட்டிப் பிடிச்சார். “பெட்டி இங்கயே இருக்கும்வே. நீரும் இங்கயே இரும்”னார். இன்னொரு தடவை அனுப்பச் சொன்னார். திரும்பவும் அத்தனையும் பச்சை. சவரி மைக்கப் புடிக்கல, தொண்டையத் தொறக்கல. அவர் சொன்னது கடல் முழுக்கப் போய்ச் சேர்ந்துச்சு.

டீச்சர் வாசல்ல நின்னாங்க, கையில டீ கிளாஸ். பால் வந்துருச்சு போல.

சவரி கண்ணத் தொடைச்சுக்கிட்டுக் கிட்ட போனார். “டீச்சர், மாதா மேல ஆணையாச் சொல்லுதேன். இனிமே இந்த ஜென்மத்துல எடுத்த லாக்கக் கையில வச்சுக்கிட்டு வேற எதுக்கும் நிக்க மாட்டேன்.”

டீச்சர் ஒரு வாய் டீ குடிச்சாங்க. அவரோட பேண்ட் பையப் பார்த்தாங்க.

“அது என்ன அண்ணாச்சி, மஞ்சளா?”

நடையில இருந்து கொமெஸ் குரல் வந்துச்சு. “ஏ சவரி! சாவி எங்கவே!”

சவரி போனார்.