கன்றுக்கு ஒரு தனிக் கட்டுரை

அமைச்சர் திருவாழி ஒரேயொரு மரக்கன்று நட்டார். காட்டையே நட்டவர்போல மறுநாள் கலைக்களஞ்சிய அலுவலகத்துக்கு வந்து குதித்தார்.

"என்னைப் பத்தின கட்டுரையில ஒரு வரி சேர்த்து ஒப்பேத்தாதீங்க. இந்த நிகழ்ச்சிக்குத் தனிக் கட்டுரை வேணும். இல்லேன்னா ஆபீஸை இழுத்து மூடிடுவேன்!"

தலைமைப் பதிப்பாசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது. பிழை திருத்தும் அமலோற்பவம் எழுந்தாள்.

"தாராளமா போடலாங்கய்யா. தனிக் கட்டுரைன்னா அப்புறம் என்ன ஆச்சுன்னும் எழுதணும். நீங்க கார் ஏறினதும் கன்றை ஆடு தின்னுடுச்சுங்க. அதனால ‘ஆடு’ கட்டுரையிலயும் ‘அமைச்சர் திருவாழி காண்க’ன்னு போடணும்."

"ஒரு வரியே போதும்மா!" என்று அமைச்சர் நழுவினார்.

பதிப்பாசிரியருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "ஆடு தின்னதை நீ பார்த்தியாம்மா?"

"இல்லீங்க சார். அவரும்தான் திரும்பிப் பார்க்கலையே!"