பொந்தை விட்டு வர மறுத்த இருவாச்சி

மலைக்காடு ஒன்றில், உயரமான மரத்தின் பொந்துக்குள் ஒரு பெண் இருவாச்சி குடியிருந்தாள்.

குழந்தைகளே, இருவாச்சிப் பறவைகளின் வழக்கம் தெரியுமா? முட்டையிடும் காலத்தில் தாய்ப்பறவை பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விட்டிருக்கும். ஆண்பறவை பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்டும். குஞ்சு வளர்ந்ததும் அம்மாவும் பிள்ளையும் வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

குஞ்சு வந்துவிட்டது. அம்மா வரவில்லை.

"வெளியே வாம்மா" என்றது குஞ்சு.

"நாலு நாள் போகட்டும்டா கண்ணு."

நாலு நாள் நாற்பது நாள் ஆயிற்று. இருந்த இடத்துக்கே சாப்பாடு வந்தால் யாருக்குத்தான் எழுந்திருக்க மனம் வரும்?

"ஏங்க, பழத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க. கழுத்தை நீட்ட முடியலை" என்பாள். பாவம், கணவரும் தள்ளுவார்.

ஒருநாள் அவர் பரபரப்போடு வந்தார். "இந்தப் பக்கம் பழமெல்லாம் தீரப் போகுது. எதிர்மலையிலே அத்தி பழுத்துக் கிடக்குதாம். பத்தாம் நாள் நம்ம கூட்டம் கிளம்புது. மழை பிடிச்சுட்டா அப்புறம் யாராலும் பள்ளத்தாக்கைத் தாண்ட முடியாது. உன்னாலே பறக்க முடியுமா?"

"நல்லா கேட்டீங்க. பறவைக்குப் பறக்கிறது மறந்துபோகுமா?"

சொன்ன வேகத்தில் வெளியே பாய்ந்தாள். கீழே இருந்த புதரில் தொப்பென்று விழுந்தாள்.

பக்கத்து மரத்து மலையணில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "அக்கா, கடைசியா எப்போ பறந்தீங்க?"

அவள் யோசித்துப் பார்த்தாள். நேற்று என்ன செய்தோம்? தின்றோம். முந்தாநாள்? தின்றோம், தூங்கினோம். அதற்கும் முன்னால் கொட்டாவி விட்டதுதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. கூட்டம் போய்விட்டால் மழைக்காலம் முழுக்கப் பட்டினி கிடக்க வேண்டும். பிள்ளையையும் பார்க்க முடியாது.

தத்தித் தத்தி மரமேறி, கணவரைக் கூப்பிட்டாள். "இனிமே வாயிலே ஊட்டாதீங்க. பழத்தை அடுத்த கிளையிலே வையுங்க."

"ஏன், கோபமா?"

"இல்லைங்க. பசிச்சா நானே போவேன்."

அன்று அடுத்த கிளைக்குப் போனாள். மறுநாள் அடுத்த மரத்துக்கு. நாலாம் நாள் பழம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. தோள் விண்விண் என்று வலித்தது. இன்றைக்கு லீவு விட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஆனால் பழம் ஓடையைத் தாண்டி வரப் போவதில்லை. பறந்தாள்.

ஏழாம் நாள் மலையணிலோடு பந்தயம் வைத்து ஜெயித்தாள். சந்தோஷம் தாங்கவில்லை. எந்த வேலையும் இல்லாமலே காட்டை மூன்று சுற்றுச் சுற்றினாள்.

பத்தாம் நாள் விடிந்தது. கூட்டம் கிளம்பியது. பள்ளத்தாக்கின் நடுவில் எதிர்க்காற்று பிடித்துத் தள்ளியது. கீழே ஆறு நூல் மாதிரி தெரிந்தது.

"அம்மா, முடியலையா?" என்று குஞ்சு திரும்பிப் பார்த்தது.

"பேச்சுக் கொடுக்காதே, மூச்சு வாங்குது. நீ முன்னாலே போ."

சிறகை ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். வலியை மறந்து அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் எதிர்மலையின் மரக்கிளை ஒன்று காலுக்குக் கிடைத்தது.

கணவர் ஓடோடி ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு வந்தார். "களைச்சிருப்பே, இந்தா."

"அதை நீங்க சாப்பிடுங்க. எனக்கு உச்சியிலே இருக்கிற பழம் வேணும்" என்று சொல்லிவிட்டு, அவள் அத்தி மரத்தின் உச்சிக்குப் பறந்தாள்.

நீதி: பழக்காத உடம்பு அவசரத்துக்கு உதவாது, சோம்பலை விட்டு இன்றைக்கே கொஞ்சம் அசையத் தொடங்கினால், நாளைக்கு அதுவே நம்மைத் தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.