நாற்பது டன் கம்பி

உருக்காலை முதலாளி சடகோபனுக்குக் கம்ப்யூட்டர் என்றாலே இளக்காரம். பல்கலைக்கழகத்தோடு ஆலை போட்ட ஒப்பந்தத்தை முறிக்கவே ஒரு கம்பியோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்.

"எங்க ஆலைக் கம்பி. எத்தனை டன்ல அறும்னு சொல்லு. தப்பா இருந்தா ஒப்பந்தம் இல்ல."

ஆலை தந்திருந்த உலோகக் கலவை விவரத்தையும் கம்பியின் அளவையும் ஆராய்ச்சி மாணவி தமயந்தி கணினியில் ஏற்றினாள். திரையில் கோடி அணுக்கள் கோலப்புள்ளிகளாக நின்றன. இழுக்க இழுக்க நெளிந்து, நாற்பது டன்னில் பிரிந்தன. சடகோபனோடு வந்த ஆலை எஞ்சினியர்கள் திரையை நெருங்கி வந்து பார்த்தார்கள்.

பிறகு நிஜக் கம்பியை இயந்திரத்தில் மாட்டி இழுத்தார்கள். இருபத்தெட்டு டன்னிலேயே அறுந்தது.

சடகோபன் சிரித்தார். "போச்சா உன் கணக்கு?"

தமயந்தி சோதனை அறிக்கையை நீட்டினாள். "கணக்கு தப்புன்னு நானே எழுதிட்டேன் சார். கம்பி உங்க ஆலையில செஞ்சதுன்னு வழக்கம்போல நீங்க கையெழுத்துப் போடணும். நாற்பது டன் தாங்கும்னு சொல்லித்தானே பாலத்துக்கு விக்கிறீங்க?"

சடகோபனின் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. அது கணினியைத் தோற்கடிக்கவென்றே பழைய இரும்புக் கடையில் வாங்கி ஆலை முத்திரை குத்திய கம்பி என்பது அதுவரை அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் கையெழுத்துப் போடாததில் இப்போது அறைக்கே தெரிந்தது.

பேனாவை மூடினார். நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அந்த அணுவெல்லாம் இன்னொரு தடவை காட்டும்மா."