பள்ளம் தாண்டியவர்களும் சுற்றி வந்தவர்களும்

மலையணில்கள் கூகைப்பள்ளத்தைத் தாண்டி வந்த காலையில், தேக்கங்காட்டு விலங்குகள் எல்லாம் இக்கரையில் கூடி நின்று வேடிக்கை பார்த்தன.

பள்ளம் மிக அகலமானது. அடியில் ஆறு சுழித்து ஓடியது. அக்கரை மலையில் மழை பொய்த்து மரங்கள் காய்ந்துவிட்டன. அங்கேயே இருந்தால் பட்டினிதான். அதனால் அணில்கள் ஒவ்வொன்றாகக் கிளை நுனிவரை ஓடி வந்தன. நீண்ட வாலை விரித்தன. பாய்ந்தன. ஒவ்வொன்றும் இந்தப் பக்கத்துக் கிளையைப் பிடித்தபோது குரங்குகள் கைதட்டின.

எல்லோருக்கும் முன்னால் தாண்டியவன் செம்பட்டை. அவன்தான் அந்த அணில்களின் தலைவன்.

காட்டை ஆண்டுவந்த கடமான் கிளையாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "இவ்வளவு தைரியசாலிகள் நம் காட்டுக்கு வருவது நம் அதிர்ஷ்டம்" என்றார். குளத்தைச் சுற்றி நின்ற பலா மரங்களையும் மா மரங்களையும் அவர்களுக்குக் கொடுத்தார். அந்த வருடம் காய்ப்பு அதிகம். கொடுத்ததில் யாருக்கும் குறைந்துபோகவில்லை.

அடுத்த வருடம் முள்ளம்பன்றிகள் வந்தன.

தெற்கே அவர்களுடைய காடு தீப்பிடித்து எரிந்துவிட்டது. அவர்களுக்குத் தாவத் தெரியாது. மலையைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்தார்கள். தாய்கள், குட்டிகள், கால் வெந்தவர்கள் என்று கூட்டம் முழுவதும் வந்தது. கண் தெரியாத ஒரு கிழட்டு முள்ளம்பன்றியும் வந்தது. அதற்கு முன்னால் போன ஒன்று முள்ளைக் கிலுகிலுவென்று ஆட்டிக்கொண்டே நடக்க, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அது பின்னால் வந்தது. அந்தக் கூட்டத்தை நடத்தி வந்தவள் முள்ளாச்சி.

அவர்கள் வந்ததைப் பார்க்க யாரும் கூடவில்லை. அந்த வருடம் காய்ப்பும் குறைவு. கிளையார் பள்ளத்தின் விளிம்பில் இருந்த சரளைமேட்டைக் காட்டி, "அங்கே இருந்துகொள்ளுங்கள்" என்றார். சரளைமேட்டில் கல்தான் உண்டு. புல்கூட முளைக்காது.

வருடங்கள் ஓடின. மலையணில்கள் கொழுத்தன. அவர்களுடைய பிள்ளைகளின் வால் பட்டுப்போல மின்னியது. பலா பழுக்கும் காலத்தில் முதல் சுளையைக் கிளையாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். காட்டுக் கூட்டங்களில் செம்பட்டைக்கு முன்வரிசையில் இடம்.

முள்ளம்பன்றிகளோ மெலிந்தே இருந்தன. இருட்டும் வரை காத்திருந்து, கல்லை நகம் தேயத் தோண்டி, கிடைத்த வேரைப் பங்கு போட்டுத் தின்றன. சில குட்டிகள் குளத்தங்கரைக்கு வந்து, மரத்தடியில் கிடக்கும் பலாத்தோலைப் பொறுக்கும். மேலே இருக்கும் அணில் பிள்ளைகள் அவற்றின் மேல் கொட்டையை எறிந்து சிரிக்கும்.

இதையெல்லாம் ஒருவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் பெயர் உறுமன். காட்டுப்பன்றி. முக்கியமாக அவன் பார்த்தது சரளைமேட்டை. தோண்டித் தோண்டி அந்த மண் இளகிவிட்டது. இப்போது அங்கே நல்ல கிழங்கு விழத் தொடங்கியிருந்தது.

உறுமன் நேராகக் கிளையாரிடம் போனான்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். அணிலும் வெளியூரு. முள்ளம்பன்றியும் வெளியூரு. ஒரே காடு, ஒரே தண்ணி. அணிலைப் பாருங்க, எப்படி இருக்குன்னு. முள்ளம்பன்றியைப் பாருங்க, எப்படி இருக்குன்னு."

"அதற்கு என்ன?" என்றார் கிளையார்.

"முன்னேறத் தெரிஞ்சவன் முன்னேறிட்டான். சோம்பேறி அப்படியே கிடக்கான். மழை வர்றதுக்குள்ளே அவங்களை அனுப்பிடுங்க. காட்டுக்குப் பாரம்."

கிளையார் யோசித்தார். ஒப்பிட்டுப் பார்த்தால் உறுமன் சொல்வது சரியாகத்தான் பட்டது. மறுநாள் காலையில் குளத்தங்கரையில் சபை கூடும் என்று அறிவித்தார். செம்பட்டை வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றும் ஆள் அனுப்பினார்.

செய்தி சரளைமேட்டுக்குப் போனது. முள்ளாச்சி அன்று சாயங்காலமே குளத்தங்கரைக்கு வந்தாள். பலா மரத்தடியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

"செம்பட்டை தம்பி, கொஞ்சம் இறங்கி வர்றீங்களா?"

செம்பட்டை தாழ்ந்த கிளை வரை இறங்கினான். அதற்குக் கீழே இறங்கவில்லை.

"நாளைக்கு எங்களைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. இங்கேருந்து போனா எங்களுக்குப் போக்கிடம் இல்லை. குட்டி போட்டவ ரெண்டு மூணு பேரு இருக்காங்க. மழையில எங்கே நடப்பாங்க?"

"நாங்க வந்தப்போ எங்களுக்காக யாரு பேசினாங்க? உழைச்சோம், வந்தோம். நீங்களும் உழைக்க வேண்டியதுதானே."

"நாங்க உழைக்கலைன்னா நினைக்கிறீங்க?" முள்ளாச்சி தன் முன்காலைத் தூக்கிக் காட்டினாள். நகம் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "தம்பி, நீங்க எல்லாம் தாவி வந்தீங்க. தாவ முடியாதவங்க உங்க ஊர்ல யாருமே இல்லையா?"

செம்பட்டை திரும்பிப் பார்க்காமல் உச்சிக்கிளைக்கு ஏறிப் போய்விட்டான். அன்று அவன் சாப்பிடவும் இல்லை. ஏன் என்று மனைவி கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றான்.

மறுநாள் காலை சபை கூடியது. குளத்தங்கரை நிரம்பி வழிந்தது. குரங்குகள் கிளைகளில் தொங்கின. மயில்கள் இடத்துக்குச் சண்டை போட்டன. சரளைமேட்டிலிருந்து முள்ளாச்சி மட்டும் வந்து ஓரமாக நின்றாள். மற்றவர்கள் வரவில்லை. ஏதோ அவசர வேலை என்றாள். "சபையைவிட அவசரமா?" என்று ஒரு குரங்கு கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

உறுமன் எழுந்து, முதல் நாள் சொன்னதையே இன்னும் உரக்கச் சொன்னான். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. நான் வேற எதுவும் சொல்ல வேண்டாம்" என்று முடித்தான்.

கிளையார் திரும்பினார். "செம்பட்டை, நீயும் வெளியிலிருந்து வந்தவன். எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறீர்கள்? சொல்."

செம்பட்டை முன்வரிசையில் எழுந்து நின்றான். எல்லாக் கண்களும் அவன் மேல் இருந்தன. அது அவனுக்குப் பிடித்திருந்தது.

"ஐயா, எங்க ரத்தத்துலயே சுறுசுறுப்பு இருக்கு. எங்க பிள்ளைங்க பிறந்த கொஞ்ச நாள்லயே தாவும். நாங்க யார்கிட்டயும் கையேந்தினது இல்லை. மத்தவங்களைக் குறை சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனா ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சுபாவம் உண்டு. சிலது ஏறும், சிலது ஏறாது."

கரை முழுவதும் ஆமாம் ஆமாம் என்றது. முள்ளாச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

கிளையார் தொண்டையைச் செருமினார். தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது சரளைமேட்டுப் பாதையில் புழுதி கிளம்பியது.

முள்ளம்பன்றிகள் வந்துகொண்டிருந்தன. தங்களோடு வேறு சிலரையும் அழைத்து வந்தன. வந்தவர்களின் உடம்பெல்லாம் சேறு. சேற்றில் புதர்முள் ஒட்டி, குத்திட்டு நின்றது. ஒருத்தி நொண்டினாள். ஒரு கிழம், முள்ளம்பன்றிக் குட்டிகளின் மேல் சாய்ந்து சாய்ந்து நடந்தது. குஞ்சுகள் எல்லாம் அழுதன.

உறுமன் துள்ளி எழுந்தான். "பாத்தீங்களா ஐயா? இருக்கறது பத்தாதுன்னு இன்னும் சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வருது. இதுவும் அதே முள்ளுக் கூட்டம்தான். அதே மெலிவு, அதே அழுக்கு. எல்லாத்தையும் சேர்த்து அனுப்புங்க!"

"சேர்த்து அனுப்புங்க" என்று குரங்குகளும் கூவின.

செம்பட்டை முகத்தைச் சுளித்தான். "நான் சொன்னேனே, சில கூட்டத்தோட சுபாவமே அப்படித்தான்" என்றான்.

அந்தக் குரலைக் கேட்டு, நொண்டி நடந்து வந்தவள் சட்டென்று நின்றாள். தலையைத் தூக்கினாள்.

"செம்பு?"

அந்தப் பெயரைச் சொல்லி இந்தக் காட்டில் யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. அவள் அருகே வந்தாள். முகத்திலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டாள். அடியில் செம்பழுப்பு நிறம் தெரிந்தது.

"செம்பு, நான்தான்டா. பஞ்சி அக்கா."

வந்தவர்கள் முள்ளம்பன்றிகள் இல்லை. மலையணில்கள். அக்கரையில் தாவ முடியாமல் நின்றுவிட்டவர்களும் அங்கே பிறந்த அவர்களுடைய குஞ்சுகளும். பள்ளத்து ஆறு இந்தக் கோடையில் வற்றிவிட்டது. அதனால் மரத்தைவிட்டு இறங்கி, தரையிலேயே நடந்து, முள்ளுக்குள் புகுந்து ஏறி வந்திருக்கிறார்கள். விடியும்போது சரளைமேட்டு விளிம்பில் விழுந்து கிடந்தவர்களை முள்ளம்பன்றிகள்தான் தூக்கியிருக்கிறார்கள். சபைக்கு வராமல் அவர்கள் பார்த்த அவசர வேலை அதுதான்.

"அக்கா" என்றான் செம்பட்டை. முன்வரிசையிலிருந்து பாய்ந்து வந்தான். அவள் காலைத் தொட்டுப் பார்த்தான். அந்தப் பழைய ஊனம் அப்படியே இருந்தது.

உறுமன் சீக்கிரமாகவே சமாளித்துக்கொண்டான். "சரி ஐயா, அணில்லயும் நல்ல அணில், கெட்ட அணில்னு ரெண்டு வகை இருக்கும் போல. இது கெட்ட வகை."

கிளையார் அவனைக் கவனிக்கவில்லை. செம்பட்டையைப் பார்த்துக் கேட்டார்: "இவர்கள் உன் ரத்தம். ரத்தத்திலேயே சுறுசுறுப்பு இருக்கிறது என்றாய். பிறகு ஏன் இவர்கள் இப்படி இருக்கிறார்கள்?"

செம்பட்டை அக்காவின் காலை விட்டு நிமிர்ந்தான்.

"அவங்களால தாவ முடியலை ஐயா. அவ்வளவுதான். எங்கள்ல பலசாலிங்க மட்டும் வந்தோம். நொண்டி, கிழம், குஞ்சு எல்லாத்தையும் அந்தப் பக்கம் விட்டுட்டு வந்தோம். நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டினா எந்தக் கூட்டமும் அழகாத்தான் தெரியும். முள்ளாச்சி யாரையும் விட்டுட்டு வரலை. கண் தெரியாத கிழத்தைக்கூட விட்டுட்டு வரலை."

"தாவின பிறகு உங்களுக்கு என்ன கிடைத்தது?"

"பலா மரம் கிடைச்சுது ஐயா. அவங்களுக்குக் கல்லு."

கிளையாரின் கொம்புகள் தாழ்ந்தன. "கொடுத்தவன் நான்தான்" என்றார். பிறகு உறுமன் பக்கம் திரும்பினார். "இவர்களை அனுப்பிவிட்டால் சரளைமேடு சும்மா கிடக்குமே. என்ன செய்யலாம்?"

"அதை நான் பாத்துக்கறேன் ஐயா" என்றான் உறுமன், அவசரமாக.

"கல்லை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்?"

"கல்லா? இப்போ அங்கே கிழங்கு கிழங்கா..." உறுமன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"சோம்பேறிகள் இருக்கிற மேட்டில் கிழங்கு எப்படி வந்தது, உறுமா?"

குரங்குகள் இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தன. அவன் புதருக்குள் நழுவினான்.

முள்ளம்பன்றிகள் போக வேண்டாம் என்று தீர்ப்பானது. குளத்துக்குத் தெற்கே இருந்த மரங்களின் உதிர்ந்த பழம் எல்லாம் இனி அவர்களுக்கே என்றார் கிளையார். சில அணில்களுக்கு இது பிடிக்கவில்லை. "நாங்க கஷ்டப்பட்டுக் காப்பாத்தின மரம்" என்று முணுமுணுத்தன. அவர்களில் சிலர் புதிதாக வந்த சொந்தக்காரர்களுக்குக்கூடக் கிளையில் இடம் தரவில்லை. தங்கள் பிள்ளைகளுக்கே போதவில்லை என்றார்கள். பஞ்சிக்கும் குஞ்சுகளுக்கும் ஏற முடியவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் அவர்களை வைத்துக் காப்பாற்றியது முள்ளம்பன்றிகளின் வளைதான்.

செம்பட்டை தினமும் பலாச்சுளையைச் சுமந்துகொண்டு சரளைமேட்டுக்கு நடப்பான். முதல் நாள் முள்ளாச்சி முகம் கொடுக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க கேட்டப்போ எனக்கு அக்கா ஞாபகம் வந்துடுச்சு. அதனாலதான் மேலே ஏறி ஓடினேன்" என்றான் செம்பட்டை.

"ஓடினது பரவாயில்லை. சபையில பேசினீங்களே, அதைத்தான் மறக்க முடியலை" என்றாள் முள்ளாச்சி.

அவன் சுளைகளை வைத்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். மழை விடுவதற்குள் முள்ளாச்சி அவனிடம் பேசத் தொடங்கிவிட்டாள். பெரிய பேச்சு இல்லை. இந்தப் பழம் புளிக்கிறது, அந்தக் குஞ்சுக்குச் சளி பிடித்திருக்கிறது என்ற அளவில்.

அடுத்த மாம்பழக் காலத்தில் பஞ்சியின் பிள்ளைகள் உச்சிக்கிளையில் தாவி விளையாடின. கீழே, உதிர்ந்த பழத்தைத் தின்று முள்ளம்பன்றிக் குட்டிகள் உருண்டு திரண்டிருந்தன. அந்த வழியாகப் போன ஒரு குரங்கு, "அட, முள்ளம்பன்றிகளுக்கும் சுறுசுறுப்பு வந்துடுச்சே" என்றது.

இரண்டு கூட்டத்தாரில் எது உசத்தி என்று அளக்கப் போகிறவர், அவர்களில் யாரால் வர முடிந்தது, வந்தவர்களுக்கு என்ன கொடுத்தோம் என்பதை முதலில் கேட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டும்.